நீலமூடிக் குழாயின் கோடு

குருதி உறைதலைச் சோதிக்கும் குழாய்க்கு நீலநிற மூடி உண்டு. அதன் அடியில் சிட்ரேட் எனப்படும் மருந்துநீர் முன்கூட்டியே இடப்பட்டிருக்கும். குருதியை உறையவிடாமல் வைத்திருப்பது அதன் பணி. ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு குருதி என்பது விதி. அவ்விதி பிசகாதிருக்கும் பொருட்டே குழாயின் மேற்புறத்தில் மெல்லிய கோடு ஒன்று போடப்பட்டிருக்கிறது. குருதி அக்கோட்டைத் தொட வேண்டும். தொடாவிடில் மருந்தின் கை ஓங்கிவிடும். ஆய்வகத்தில் குருதி உண்மையைக் காட்டிலும் தாமதமாக உறையும். அந்தத் தாமதத்தை அளக்கும் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும்.

இவ்வளவும் உமா மகேஸ்வரிக்குத் தெரியும். தெரியும் என்று சொன்னால் போதாது. எழுதியே காட்டியவள் அவள். நாற்பத்தோராம் வயதில், மகள் கல்லூரிக்குக் கப்பலேறிய அதே ஆண்டில், தானும் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு போர்ட் பிளேருக்குப் போய் ஆய்வக உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தாள். ‘குறைவாக நிரப்பப்பட்ட நீலமூடிக் குழாயின் விளைவு யாது?’ என்பது தேர்வில் வந்த இரண்டு மதிப்பெண் வினா. அதற்கு அவள் இரண்டும் வாங்கினாள்.

தேர்ச்சி பெற்ற பின், தான் வாழ்ந்த அந்தமான் தீவான லாங் ஐலண்டிலேயே, தன் வீட்டு முன்னறையில், போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் இருந்த அலைமணி பரிசோதனைக் கூடத்தின் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டாள். அதிகாலையில் வீடு வீடாகச் சென்று குருதி எடுப்பாள். தெர்மோகோல் பெட்டியில் அடுக்கிக் காலைப் போட்டில் ஏற்றிவிடுவாள். அந்தி சாய்வதற்குள் முடிவு அவள் கைப்பேசிக்கு வந்து சேரும். மூன்று ஆண்டுகளில் அவள் அனுப்பிய ஒரு மாதிரிகூடத் திருப்பப்பட்டதில்லை. ரங்கத்திலும் மாயாபந்தரிலும் பணிபுரிந்த இளவயதுக்காரர்களுக்கு இல்லாத பெருமை அது. அந்தப் பெருமையை அவள் வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள். ஆனால் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பவளைப் போலப் பாதுகாத்து வந்தாள்.

அவளிடம் மாதந்தோறும் கை நீட்டியவர்களில் புஷ்பாவும் ஒருத்தி. ஐம்பத்திரண்டு வயது. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து நிகோபாரைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். கணவன் முருகையாவும் அங்கே பால்வெட்டியவர்தான். ஆழிப்பேரலைக்குப் பின் இருவரும் லாங் ஐலண்டுக்கு வந்து, வனத்துறை நாற்றங்காலில் கூலிவேலை பார்த்து வாழ்ந்தார்கள்.

புஷ்பாவின் நோய் விந்தையானது. காயம் பட்ட இடத்தில் மட்டும் குருதி உறைவது உடலின் இயற்கை. புஷ்பாவின் உடலோ, காயமே இல்லாத இடத்திலும் உறையும்படி தன் குருதியைத் தானே தூண்டிவிடும் எதிர்ப்பொருட்களைச் சுரந்துகொண்டிருந்தது. மூன்று கரு தங்காமல் போனதும், ஒரு மழைக்காலத்தில் இடக்கால் தூணாக வீங்கியதும், நான்கு ஆண்டுகளுக்கு முன் அரைநாள் வாய் கோணிப் பேச்சுக் குழறியதும் அந்த ஒரே காரணத்தினால்தான் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றிலிருந்து நாள்தோறும், குருதி உறைவதைத் தாமதப்படுத்தும் வார்ஃபரின் மாத்திரை, ஐந்து மில்லிகிராம். குருதி எத்தனை மடங்கு தாமதமாக உறைகிறது என்பதை ஐ.என்.ஆர். என்ற எண்ணால் அளப்பர். மற்றவர்க்கு அது ஒன்று. புஷ்பாவுக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். இறங்கினால் அடைப்பு, எல்லை மீறி ஏறினால் குருதிக்கசிவு. இரண்டரை ஆண்டுகளாக அந்த எண், பழக்கிய மாடு கொட்டிலுக்குத் திரும்புவதுபோல, ஒவ்வொரு மாதமும் தன் இடத்திலேயே வந்து நின்றது.

ஆடி மாதக் கடைசியில் ஒரு காலை.

“வாடி அட்டை, வா. விடியறதுக்குள்ள மோப்பம் புடிச்சு வந்துட்டியா?” என்றாள் புஷ்பா. உமாவுக்கு அவள் வைத்த பெயர் அது. இவ்வளவு தித்திப்பாக வேறு யாரும் உமாவை வைததில்லை.

“கையை நீட்டுங்கக்கா. பேச்சு அப்புறம்.”

“பாத்தீங்களா இவள? கச்சால்ல நாம மரத்துக்கு மரம் பால் இறக்குனோம். இப்ப இவ நமக்கு இறக்குறா. ஒரு கொட்டாங்கச்சியும் கட்டிவிட்டுருடி, சொட்டுச் சொட்டா வுழுந்துகிட்டு இருக்கும். நீ பொழுது சாய வந்து எடுத்துக்கலாம்.”

“ஒன் மரத்துல பால் எங்க இருக்கு? வெறும் பட்ட,” என்றார் முருகையா, அடுப்படியிலிருந்து.

“பட்டையைச் சீவிச் சீவித்தானே இருவத்தெட்டு வருசமா நீங்க பொழைக்கிறீங்க!”

மூவரும் சிரித்தார்கள். ஆனால் அன்று நரம்பு பிடிபடவில்லை. இடமுழங்கையில் ஒன்று, வலமுழங்கையில் ஒன்று என இருமுறை ஊசி ஏமாற்றியது. மூன்றாவதாக இடமணிக்கட்டின் மேலே, பெருவிரல் பக்கமாக ஓடிய சிறு நரம்பில் குத்தினாள். குருதி வந்தது, ஆனால் மனமில்லாமல் வந்தது. புஷ்பாவின் சிரிப்பு வற்றிப்போயிற்று. கண்ணோரம் நீர் திரண்டது.

“போதும்டி. ஏலாதுடி எனக்கு. கண்ண இருட்டிக்கிட்டு வருது.”

“இன்னும் கொஞ்சந்தான்க்கா.”

“போதும்டி, சாமி. ஒன்னக் கும்புட்டுக் கேக்குறேன்.”

உமா ஊசியை உருவிவிட்டாள். குருதியைக் குழாயில் விட்டுப் பார்த்தபோது அது கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. இன்னொரு முறை குத்தலாம். மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டும் போகலாம். புஷ்பா மணிக்கட்டைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு, “போயிட்டு வாடி,” என்று வறண்ட குரலில் சொன்னபோது, உமா பெட்டியை மூடினாள். இரக்கம் என்றே அப்போது அதற்குப் பெயரிட்டாள்.

பிற்பகல் டாலிகஞ்சிலிருந்து அழைப்பு. பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர் பன்னீர்செல்வம்.

“உமா, அந்த ப்ளூ டியூப் கம்மியா இருக்கே. ரிஜெக்ட் போட்டுர்றேன். வேற அனுப்பு.”

“அண்ணே, அந்த அக்காவுக்கு வெயினே கெடைக்கல. மூணு குத்து குத்திட்டேன். மானிட்டர் பண்ற கேஸ்தான். ஓட்டிருங்கண்ணே.”

“ரூல் என்னன்னு தெரியும்ல?”

“தெரியும்ண்ணே. மூணு வருசத்துல ஒரு ரிஜெக்ட்கூட எம் பேர்ல இல்ல. இதுக்குப் போயி ஒண்ணு போடுவீங்களா?”

அவர் சிரித்தார். “சலோ, டீக் ஹை. சரி, உனக்காக.”

இவ்விடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். காலையில் ஊசியை உருவியது இரக்கமாக இருக்கலாம். பிற்பகலில் கெஞ்சியது இரக்கம் அன்று. உமாவுக்கே அது அப்போதே தெரிந்திருந்தது.

எண் வந்தது: 4.8.

அவள் அதைப் புஷ்பாவின் குறிப்பேட்டில் தன் முத்துப்போன்ற கையெழுத்தில் எழுதினாள். பிறகு போர்ட் பிளேரில் புஷ்பாவைக் கவனித்துவந்த டாக்டர் ப்ரியங்காவை அழைத்து எண்ணைப் படித்தாள். டாக்டர் பதறிப்போனார். இரண்டு நாள் மாத்திரையை நிறுத்த வேண்டும், அதன்பின் ஐந்துக்குப் பதில் மூன்று, ஒரு வாரத்தில் மறுபரிசோதனை என்று மளமளவெனக் கட்டளைகள் வந்தன. உமா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். குழாய் சரியாக நிறையவில்லை என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்துக்கு மூன்று சொற்களே தேவை. அம்மூன்று சொற்களையும் விழுங்கிவிட்டு, “சரிங்க மேடம்,” என்றாள்.

ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும். அடுத்த குழாயை விளிம்பு தளும்ப நிரப்பி அனுப்பினால் பொய்யெண் தானே மறைந்துபோகும் என்பது அவள் போட்ட கணக்கு. கடல் அக்கணக்கில் சேரவில்லை. நான்காம் நாள் துறைமுகத்தில் எச்சரிக்கைச் சிக்னல் ஏற்றிவிட்டார்கள். தென்மேற்குக் காற்று இரண்டு வாரத்துக்குமேல் போட்டுகளை ஜெட்டியிலேயே கட்டிப்போட்டது. குருதியை எடுத்து என்ன செய்வது? ஒரு நாளைத் தாண்டினால் அது சோதனைக்கு உதவாது.

இருபத்திரண்டாம் நாள் காலை, மீன் கழுவிக்கொண்டிருந்த புஷ்பா, கத்தியை வைத்திருந்த கையே தன்னுடையது அல்ல என்பதுபோல அதைப் பார்த்தாள். பிறகு சரிந்தாள்.

அடைப்பினால் வரும் பக்கவாதத்தில் நோயாளியின் எதிர்காலத்தை இரண்டு காரணிகள் தீர்மானிக்கின்றன. அடைப்பு எவ்வளவு விரைவில் கரைக்கப்படுகிறது என்பது ஒன்று; மறுபடி அடைக்காமல் எப்படிக் காக்கப்படுகிறது என்பது மற்றொன்று. கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அன்றுதான் கொந்தளிப்பு அடங்கிய கடலில் மீன்பிடிப் படகொன்றைப் பிடித்து, ரங்கத்தில் கரையேறி, அங்கிருந்து வண்டியில் போர்ட் பிளேர் போய்ச் சேர்வதற்குள் மாலையாகிவிட்டது. முதற்காரணியைக் கடலும் சாலையும் தின்றுவிட்டன. இரண்டாவது மட்டுமே மிஞ்சியிருந்தது.

மருத்துவமனையில் எடுத்த ஐ.என்.ஆர். 1.3 என்று முருகையா கைப்பேசியில் சொன்னபோது, உமா அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஐந்தாம் நாள் அவள் போர்ட் பிளேருக்குக் கப்பலேறினாள். முதலில் போனது டாலிகஞ்சுக்கு. மருத்துவமனைக்குப் போகக் கால் எழவில்லை என்பதே உண்மை.

பன்னீர்செல்வம் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். “அரே, ஏன் இப்படி மூஞ்சிய வச்சிருக்க? அந்தம்மாவுக்கு ஏற்கெனவே க்ளாட் வர்ற வியாதி. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வந்திருக்கும்.”

“நாளைக்கு வந்திருந்தா அது வியாதி பண்ணுனது. இன்னிக்கு வந்தது நாம பண்ணுனது.”

“நாமளா? நான் ரிஜெக்ட்னுதான் சொன்னேன். நீதான் அழுத.”

“ஆமா. நான்தான்.”

அவள் இப்படி ஒப்புக்கொள்வாள் என்று எதிர்பார்க்காதவராய் அவர் சற்றுத் தடுமாறினார். பிறகு, “சோடோ, விட்டுரு உமா. சொன்னா கை கால் திரும்ப வந்துருமா? உன் சர்ட்டிபிகேட் போகும், என் லைசென்ஸ் போகும். அவ்ளோதான் நடக்கும்,” என்றார்.

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளை அச்சுறுத்தியது. ஆட்டோவில் ஏறி மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாதத்தை வாயிலிட்டுச் சுவைத்துக்கொண்டே போனாள். இறங்கும்போது ஏறக்குறைய நம்பியும்விட்டாள்.

பெண்கள் பகுதியில், சன்னலோரக் கட்டிலில் புஷ்பா படுத்திருந்தாள். வலப்பக்கம் அசைவற்றுக் கிடந்தது. பேச்சு இல்லை. ஊசி வாங்கி வாங்கி இடக்கை நெடுகக் கருநீலத் திட்டுகள். உமாவைக் கண்டதும் அவள் இடப்புருவம் மட்டும் மேலே எழுந்தது. ஏதோ வசை தொண்டை வரை வந்து வழி தெரியாமல் நின்றுவிட்டதைப்போல.

முருகையா ஸ்டூலை இழுத்துப் போட்டார். “ஒக்காரு, தங்கச்சி. கப்பல்ல தலை சுத்துச்சா? இந்தா, டீ இருக்கு.” பிளாஸ்கைத் திறந்து ஊற்றிக் கொடுத்தார். அந்த டீயை அவளால் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

டாக்டர் ப்ரியங்கா வந்தார். போர்ட் பிளேரிலேயே டெலானிபூர் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். முப்பது வயதைத் தாண்டியிராது. குறிப்பேட்டைப் புரட்டியபடியே அவர் கேட்டார்:

“முருகையா அங்கிள், இன்னொரு தடவ கேக்கறேன். திட்ட மாட்டேன், பக்கா. எத்தனை நாள் மாத்திரை மிஸ் ஆச்சு?”

முருகையா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதில் நாட்காட்டித் தாள்கள். சுவரில் மாட்டிய தினசரி நாட்காட்டியில், மனைவி மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டிய பிறகே அன்றைய தாளைக் கிழிப்பது அவருடைய வழக்கம். மாத்திரையின் வெறும் உறையை அந்தத் தாளுக்குள் மடித்து வைத்துவிடுவார். லாங் ஐலண்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. ‘எங்க வூட்ல நான் வாயத் தொறக்காம விடியவே விடியாது’ என்று புஷ்பா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

“ரெண்டு நாள் நிப்பாட்டச் சொன்னீங்க. அதுக்கப்புறம் இருவது நாளு. இருவது தாளு இருக்கு, டாக்டரம்மா. நாலு வாட்டி எண்ணிட்டேன்.”

“தாள் இருக்கு, அங்கிள். மாத்திரை உள்ள போச்சா? பாருங்க, அஞ்சு மில்லிகிராம்ல 4.8 ஏறுச்சு. அப்ப மூணுல சுமாரா ரெண்டாவது நிக்கணும். 1.3 வருதுன்னா மாத்திரை ஒழுங்கா போகலன்னுதானே அர்த்தம்? வேற எப்படி இறங்கும்?”

முருகையா தாள்களைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். முகத்தில் எதையோ தேடித் தேடித் தோற்றவரின் களைப்பு.

“ஒரு நாளு நாத்து ஏத்துற வேல இருந்துச்சு… அன்னிக்கு மறந்திருப்பேனோ என்னமோ.”

“ஒரு நாள் மறந்தா இவ்ளோ இறங்காது.”

“அப்ப ரெண்டு மூணு நாளு மறந்திருப்பேன், டாக்டரம்மா.”

செய்யாத குற்றத்தை அவர், கடைக்காரர் கேட்ட சில்லறையைத் தேடிப் பிடித்துக் கொடுப்பவர்போல, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

“சரி. இனிமே கவனம். தலையில ஸ்கேன் நல்லா இருக்கு, கசிவு இல்ல. நாளையிலருந்து வார்ஃபரின் மறுபடி ஆரம்பிக்கலாம். அதே மூணு மில்லிகிராம். அஞ்சு இவங்க உடம்புக்குத் தாங்காது, மூளைக்குள்ள ப்ளீட் ஆயிடும். ஆனா ஒண்ணு. இவங்க ரத்தம் மத்தவங்க ரத்தம் மாதிரி இல்ல. சாதாரணமா இந்த மாதிரி ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு மெல்ல மெல்லக் கொஞ்சம் தேறும். இவங்களுக்கும் தேறலாம், ஆனா இன்னொரு அடைப்பு வராம இருந்தாத்தான். வந்துச்சுன்னா…”

உமாவின் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. மூன்று மில்லிகிராம். புஷ்பாவின் எண் மூன்று மில்லிகிராமுக்கு ஒருபோதும் ஏறாது. ஐந்தில்தான் அது இரண்டரை ஆண்டு அசையாமல் நின்றது. 4.8 என்ற எண் புஷ்பாவின் உடலில் ஒருபொழுதும் இருந்ததில்லை. அது ஒரு விரற்கடை வெற்றுக் குழாயில் பிறந்த எண். அந்த எண்ணை நம்பித்தான் இப்போது மருந்து எழுதப்படுகிறது. சொன்னால் கை கால் திரும்ப வந்துவிடுமா என்று பன்னீர்செல்வம் கேட்டாரே, வராதுதான். சொல்லாவிட்டால் மிச்சமிருக்கும் இடக்கையும் போகும்.

அப்படியும் அவள் வாய் திறக்கவில்லை. பின்னொரு நாளில் எண்ணிப் பார்க்கையில் அவளைக் கூசவைத்தது இந்த நிமிடந்தான். எல்லாம் தெரிந்த பிறகும், டாக்டரைத் தனியே பிடித்து, ‘பழைய டோஸே பொருத்தமாக இருக்குமோ’ என்று பட்டும் படாமல் சொல்லிவிடலாமா என்றே மனம் வழி தேடிக்கொண்டிருந்தது.

முருகையா மாத்திரை அட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

“தங்கச்சி, ஊருக்குப் போனதும் இத நீயே வச்சிக்க. தெனமும் ஒரு நடை வந்து ஒன் கையால குடுத்துட்டுப் போ. எங் கையை இனிமே நம்ப ஏலாது. நீ படிச்சவ. அளவு தப்ப மாட்ட.”

உமா எழுந்துவிட்டாள். டீ சிந்தியது.

“அண்ணே, நீங்க ஒரு நாளும் மறக்கல,” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. “மேடம், அவரு ஒரு நாளும் மறக்கல. அந்த 4.8 தப்பு. நான் டியூப்பைக் கோடு வரைக்கும் நிரப்பல. பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருந்துச்சு. லேப்ல திருப்பி அனுப்புறேன்னாங்க, நான்தான் கெஞ்சி ஓட்டவெச்சேன். உங்ககிட்ட ஃபோன்ல நம்பர் சொன்னப்பவும் மறைச்சுட்டேன்.”

டாக்டர் குறிப்பேட்டை மூடவில்லை. அந்த எண்ணின்மேல் விரலை வைத்தபடி அப்படியே நின்றார். அதை நம்பி மருந்தைக் குறைத்தவர் அவரேயல்லவா!

“இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் டோஸையே மாத்தியிருக்க மாட்டேன்,” என்றார் மெதுவாக.

“தெரியும் மேடம்.”

“தெரிஞ்சா?”

“பரிச்சையில எழுதியிருக்கேன்.”

வேறொரு சூழ்நிலையில் அது நகைப்புக்குரிய பதிலாக இருந்திருக்கும். டாக்டரின் முகம் சிவந்தது. சுற்றியிருந்த கட்டில்காரர்களைப் பார்த்துத் தன்னை அடக்கிக்கொண்டார். பேனாவால் 4.8ஐக் குறுக்கே அடித்தார். பக்கத்தில் ‘மாதிரி குறைவு, இந்த எண் செல்லாது’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். மூன்றை அடித்து ஐந்தாக்கினார். “ஐந்து” என்று எழுத்தாலும் எழுதினார்.

“லேப் மேல கம்ப்ளெய்ன்ட் போகும். உங்க மேலயும்.”

“போகட்டும், மேடம்.”

“அஞ்சுலயே இருந்திருந்தா அடைப்பு வந்திருக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. வந்திருக்கும்னும் சொல்ல முடியாது. அத நீங்க வச்சுக்க வேண்டியதுதான்.” டாக்டர் தாதியைத் திரும்பிப் பார்த்தார். “ஆரம்பிக்கறதுக்கு முன்னால புதுசா ஒரு சாம்பிள் வேணும். ப்ளூ டியூப். ஃபுல்லா.”

முருகையா படிக்காதவர்; ஆனால் புரியாதவர் அல்லர். ரப்பர் பால் காலையில் உறைந்துவிடாமலிருக்கக் கிண்ணத்தில் அமோனியா விட்டு விட்டுப் பழகிய கை அவருடையது.

“பாலு கம்மி, அமோனியா அதே அளவு,” என்றார், தனக்குள் பேசிக்கொள்பவராக. “அப்பறம் ஆசிட் ஊத்துனாலும் லேசுல உறையாது.” பிறகு நிமிர்ந்தார். “இது தோட்டத்துல நேத்து வேலைக்கு வந்தவனுக்கே தெரியும், தங்கச்சி.”

“ஆமாண்ணே.”

“கும்புட்டுக் கேட்டா. அதுனால வுட்டுட்ட.”

“அதுனாலதான் ஊசிய எடுத்தேன். மத்தது அதுனால இல்லண்ணே. எம் பேரு கெடக்கூடாதுன்னு.”

அவர் நாட்காட்டித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார், இருபது. ரப்பர் வளையத்தைப் போட்டுப் பைக்குள் வைத்தார். “அஞ்சு நாளா நான் என்னையவே செருப்பால அடிச்சிக்கிட்டு இருக்கேன்,” என்றார். “வெளிய போ.”

உமா தாழ்வாரத்துக்கு வந்து சுவரோரம் நின்றாள். கப்பல் எத்தனை மணிக்கு என்று நினைத்துப் பார்த்தாள், நினைவு வரவில்லை. கையை நேராக வைத்து அசையாதிருக்கச் சொல்லும் தாதியின் குரல் உள்ளே கேட்டது: “அம்மா, ஹாத் சீதா ரக்கோ… ஹிலோ மத்.” சிறிது நேரம் கழித்து, “நஹி மில் ரஹா.” நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவது ஊசிப் பொதியைப் பிரிக்கும் ஓசை. அதற்குப்பின், சொல்லாக மாறத் தெரியாத ஒரு முனகல். புஷ்பாவின் குரல். உமா காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அதற்கும் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

மூன்றாவது பொதி.

கதவருகே முருகையா வந்து நின்றார். அவளைப் பார்க்காமல், எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அந்தப் பெருவெரல் பக்கத்து நரம்பு ஒனக்குத்தான் தெரியும். டாக்டரம்மாட்ட கேட்டுட்டேன். வா. கோடு வரைக்கும் எடு.”

அவள் கை கழுவினாள். கையுறை போட்டாள். புஷ்பாவின் இடக்கையைத் தன் மடியில் ஏந்தியபோது அக்கை பின்னுக்கு இழுத்தது. முருகையா தோளைப் பிடித்துக்கொண்டார். ஊசி முதல் குத்திலேயே இறங்கியது. குருதி அன்றைப் போலவே மனமில்லாமல் வந்தது. புஷ்பாவின் கண்ணோரம் நீர் திரண்டு, அசையாத வலக்கன்னத்தின் வழியே காதுக்குள் இறங்கியது. இடப்புருவம் நெரிந்தது. உதடுகளின் ஒரு பாதி மட்டும் அசைந்து ‘போ… போ…’ என்று காற்றை வெளியே தள்ளியது. போ என்றாளா, போதும் என்றாளா என்று உமா ஆராயவில்லை. எதுவாயினும் அவள் நிறுத்துவதாக இல்லை.

“இன்னும் கொஞ்சந்தான்க்கா,” என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, இச்சொற்களை அன்றும் சொன்னது நினைவுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

குருதி கோட்டைத் தொட்டது. ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினாள். குழாயை மூடி, விதிப்படி நான்குமுறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினாள்.

முருகையா கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். அவர் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தைக் கோட்டின்மேல் ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பால் அளக்கிறவரைப்போல நெடுநேரம் பார்த்தார்.

“தொட்டிருக்கு,” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

குழாயை அவளிடம் திருப்பித் தரவில்லை. சட்டைப்பையிலும் போடவில்லை. இரு கையாலும் ஏந்திக்கொண்டு, தாழ்வாரக் கோடியிலிருந்த ஆய்வகத்தை நோக்கித் தாமே நடந்துபோனார்.